ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊசி, ரெண்டு தடவை: ஆஸ்பத்திரிக்கு ஐந்தொகை கிடையாதா?

வளவுவாசி (காரைக்குடி)
ஞாயிறு, இரவு 10:12

அப்பச்சி (என் அப்பா) இப்போது நன்றாக இருக்கிறார். முகப்பில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார், காபியில் சர்க்கரை இல்லையென்று ஆத்தாவோடு மல்லுக்கு நிற்கிறார். அதனால்தான் இதை நிதானமாக எழுத முடிகிறது.

மூன்று வருடத்துக்கு முன்னால் காய்ச்சலும் சளியுமாக அவரை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ரெண்டாம் நாள் ராத்திரி ஆன்டிபயாடிக் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே கழுத்திலிருந்து இடுப்புவரை தடிப்புத் தடிப்பாகக் கிளம்பிவிட்டது. டூட்டியில் இருந்த நர்ஸ் பிள்ளை உடனே நிறுத்தி, டாக்டருக்குப் போன் போட்டு, மருந்தை மாற்றியது. "இது ஒங்களுக்கு ஒத்துக்கல ஐயா" என்று சொன்னதோடு சரி. டிஸ்சார்ஜ் சம்மரியில் காய்ச்சல் இருக்கிறது, எக்ஸ்ரே இருக்கிறது, சுகர் இருக்கிறது, தடிப்பு இல்லை. மருந்துப் பேரை நாங்களும் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அது எங்கள் தப்பு.

போன மாதம் காலில் புண். அதே ஆஸ்பத்திரி, அதே மாடி. ஊசி ஏறிப் பத்து நிமிஷம் இருக்கும், "நாக்கு தடிக்குதுடா" என்றார். உதடு வீங்கி, மூச்சு இழுத்து, கண் மேலே போய்விட்டது. நல்ல வேளை, டூட்டி டாக்டர் ரெண்டு படுக்கை தள்ளி நின்றிருந்தார். அட்ரினலின் போட்டார்கள். ரெண்டு நாள் ஐசியு.

வீட்டுக்கு வந்து பழைய பில் கட்டை எடுத்துப் பார்த்தேன். (கணக்குப் பார்த்த குடும்பம், பில்லைத் தூக்கிப் போடும் வழக்கமில்லை.) மூன்று வருடத்துக்கு முந்தைய பார்மஸி பில்லிலும் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக், போன மாதத்துப் பில்லிலும் செஃப்ட்ரியாக்சோன். மேனேஜரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் கம்ப்யூட்டரில் தட்டினார், பழைய பில் பைசா சுத்தமாக வந்து நின்றது. வார்டில் எழுதிய சிகிச்சைக் குறிப்பை, அந்தப் பழைய கேஸ் ஷீட்டைக் கேட்டால் மட்டும் "ஸ்டோர்ல எங்கயோ இருக்கும் சார், தேடணும்" என்றார். அந்த நர்ஸ் பிள்ளை வேலையை விட்டுப் போய் ரெண்டு வருஷமாகிறதாம். அப்பச்சிக்கு எந்த மருந்து ஆகாது என்பது அந்த ஆஸ்பத்திரியில் அந்தப் பிள்ளை ஒருத்தி தலைக்குள்தான் இருந்திருக்கிறது. அதுவும் பஸ் ஏறிப் போய்விட்டது.

எங்கள் ஐயா, அதாவது தாத்தா, ரங்கூன் கடைக்குப் பெட்டியடிப் பையனாகப் போய் அடுத்தாளாக உயர்ந்தவர், உலக யுத்தத்தில் 1942இல் வெறுங்கையோடு திரும்பியவர். அன்றாடம் குறிப்பேடு, அதிலிருந்து பேரேடு, அப்புறம் வரவும் செலவும் நேராகிறதா என்று பார்க்கும் ஐந்தொகை என்று சொல்லிக்கொண்டே இருப்பார். ஐந்தொகையில் ஓரணா இடித்தால், எங்கே இடிக்கிறது என்று தெரியும்வரை விளக்கை அணைக்க மாட்டார்களாம். தப்பாக எழுதின பையனுக்குத் திட்டு விழும், ஆனால் அதற்காக ஊருக்குக் கப்பல் ஏற்ற மாட்டார்கள். ஏற்றினால் அடுத்த பையன் இடித்ததை மறைப்பான் என்பது முதலாளிக்குத் தெரியும்.

உள்ளே வேலை பார்ப்பவர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள். கேஸ், நஷ்டஈடு எதற்கும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் இடித்த கணக்கை யார் தேடுகிறார்கள்? அதை மட்டும் சொல்லுங்கள்.


கோட்டையூர்க் காரம்
ஞாயிறு, இரவு 10:31

என்ன பங்காளி, உயிர் போய்த் திரும்பியிருக்கு, நீங்க கணக்குப் பாடம் நடத்துறீக. கன்ஸ்யூமர் கோர்ட்ல போடுங்க, தானா கத்துக்குவாங்க. அது எந்த ஆஸ்பத்திரின்னு எனக்குத் தெரியும், [நீக்கப்பட்டது] தானே?


மட்டுறுத்துநர்
ஞாயிறு, இரவு 10:40

காரம் அண்ணே, பேரை எடுத்திருக்கேன். ஊகத்துல யார் பேரையும் போட வேண்டாம். இழை நல்ல கேள்வியோட ஆரம்பிச்சிருக்கு, அதுலயே போகட்டும்.


நைட்டூட்டி (தேவகோட்டை)
திங்கள், காலை 7:55

வளவுவாசி தம்பி, ஐயா நல்லா இருக்காக என்ற முதல் வரியைப் பார்த்த பிறகுதான் மேற்கொண்டு படித்தேன். பத்தொன்பது வருஷமாக நர்ஸ் வேலை. இப்போதுதான் டூட்டி முடிந்து வந்தேன், தப்பாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட் டோஸ் போட்டார்களா என்று பலரும் கேட்பார்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். போட்டிருப்பார்கள். ஆனால் இந்த வகை மருந்தில் தோலில் போட்டுப் பார்ப்பதை நம்பி உட்கார முடியாது. ஒன்றும் கிளம்பாமல் இருந்து, முழு டோஸில் கிளம்பியவர்களை நானே பார்த்திருக்கிறேன். "இதுக்கு முன்னாடி எந்த மருந்தாவது ஒத்துக்காமப் போயிருக்கா?" என்ற ஒரு கேள்வி டெஸ்ட் டோஸைவிடப் பெரிது. அந்தக் கேள்வி அட்மிஷன் ஷீட்டிலேயே அச்சடித்திருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு நாலு அட்மிஷன் சேர்ந்தாற்போல் வந்தால் அந்த இடத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டுப் போவோம். கேட்டுவிட்டா? கேட்காமலும்தான்.

இடித்த கணக்கை யார் தேடுகிறார்கள் என்று கேட்டீர்கள். இடித்தது வெளியே தெரிந்தால்தானே தேட?

பதினோரு வருஷத்துக்கு முந்தைய கதை, வேறு ஊர், வேறு ஆஸ்பத்திரி. ராத்திரி மூணு மணி. வார்டில் முப்பத்திரண்டு பேர், நான் ஒருத்தி, கூட ட்ரெயினிங் பிள்ளை ஒன்று. பொடி மருந்தைக் கரைக்க டிஸ்டில்ட் வாட்டர் எடுத்தேன். ஆம்பியூலைக் கிள்ளி சிரிஞ்சில் இழுத்தும் ஆச்சு. பாட்டிலுக்குள் குத்தப் போகும்போது எதற்கோ காலி ஆம்பியூலைத் திருப்பிப் பார்த்தேன். பொட்டாசியம் குளோரைடு. ரெண்டும் பத்து மில்லி, ரெண்டும் பச்சைத் தண்ணி மாதிரி, ட்ரேயில் ரெண்டுக்கும் பக்கத்துப் பக்கத்துக் குழி. கரைத்து நேரே நரம்பில் தள்ளியிருந்தால் அந்த அம்மாவின் இதயம் அங்கேயே நின்றிருக்கும்.

சிங்க்கில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். கை நடுக்கம் நிற்க அஞ்சு நிமிஷம் ஆச்சு. அந்த ட்ரெயினிங் பிள்ளை "என்னக்கா?" என்றது. "ஒண்ணுமில்ல, தலை சுத்துது" என்றேன்.

தப்பு நடந்தால் எழுதிக் கொடுக்க இன்சிடென்ட் ரிப்போர்ட் என்று ஒரு பாரம் உண்டு. எழுதவில்லை. அதற்கு முந்தின மாதம்தான் ஒரு பிள்ளை ஊசி நேரம் மாறிப்போனதை நேர்மையாக எழுதிக் கொடுத்து, மெமோவும் மூணு நாள் சம்பளப் பிடித்தமும் வாங்கியிருந்தது. வீட்டுக்காரரிடம்கூட நான் சொன்னதில்லை. இன்றைக்குத்தான், அதுவும் புனைபெயரில்.

நான் செய்தது ஒன்றே ஒன்று. மறுநாள் பொட்டாசியத்தை மட்டும் மேல் தட்டுக்கு மாற்றி, டப்பாவைச் சுற்றிச் சிவப்புப் பிளாஸ்திரி ஒட்டினேன். ஏனென்று யாரும் கேட்கவில்லை. நான் இருந்த ரெண்டு வருஷமும் அது மேலேயே இருந்தது. அப்புறம் வேலை மாறி வந்து, ஒரு தடவை தோழியைப் பார்க்க அந்த வார்டுக்குப் போனேன். பிளாஸ்திரியைக் காணோம், ரெண்டு மருந்தும் பழையபடி பக்கத்துப் பக்கத்தில். இன்ஸ்பெக்‌ஷன் வருகிறதென்று ட்ரேயை "நீட்டா" அடுக்கினார்களாம்.


வளவுவாசி
திங்கள், காலை 8:20

அக்கா, பஸ் ஸ்டாண்டில் நின்று படித்தேன். தேவகோட்டை வண்டி போனதே தெரியவில்லை.

எங்களுக்கு ஊசி போட்ட பிள்ளைக்கும் அந்தப் பாரம் ஒன்று இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.


ஓபி சீட்டு (திருப்பத்தூர் பக்கம்)
திங்கள், இரவு 9:05

ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டர். நைட்டூட்டி அக்கா சொன்ன அதே ஆம்பியூல் உலகம் முழுக்க ஆளைக் கொன்றிருக்கிறது. பிரிட்டனில் நோயாளி பாதுகாப்புக்கென்று இருந்த அமைப்பு 2002இல் விடுத்த முதல் எச்சரிக்கையே இதைப் பற்றித்தான்: அடர்த்தியான பொட்டாசியம் சாதாரண வார்டு அலமாரியில் இருக்கக் கூடாது. "கவனமாக இருங்கள்" என்று சர்க்குலர் அனுப்புவது சுலபம். அவர்களோ, கையெட்டாத இடத்துக்கு மருந்தையே நகர்த்தச் சொன்னார்கள். அக்கா ராத்திரி மூணு மணிக்குக் கண்டுபிடித்த வைத்தியமும் அதுதான். அங்கே அது விதியாயிற்று, இங்கே பிளாஸ்திரியோடு உரிந்துபோயிற்று.

வளவுவாசி, நம் மாநிலத்தில் ஐந்தொகை போட்ட துறை ஒன்று இருக்கிறது, பிரசவம். தாய் இறந்தால் ஒவ்வொரு மரணத்தையும் எடுத்து ஆராய்வது இங்கே தொண்ணூறுகளிலேயே தொடங்கி, 2004இல் கட்டாயமாயிற்று. கேஸ் ஷீட்டை மட்டும் பார்ப்பதில்லை, வீட்டுக்கே போய்க் கேட்கிறோம். வலி எத்தனை மணிக்கு வந்தது, யார் போகலாம் என்று முடிவு செய்தது, வண்டி எப்போது வந்தது, முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் நின்றது, ரத்தம் இருந்ததா, மயக்க மருந்து டாக்டர் இருந்தாரா. இந்தக் கேள்விகளில் எந்த இடத்தில் நேரம் செத்தது என்று தெரிந்துவிடும். இருபத்து நாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க ஆரம்ப சுகாதார நிலையத்தில் மூணு நர்ஸ், பெரிய ஆஸ்பத்திரிகளில் சீமாங் (அவசரப் பிரசவ, சிசு சிகிச்சை) மையம், 2008இலிருந்து 108 வண்டி என்று ஒவ்வொன்றாக வந்ததற்குப் பின்னால் அந்த மாதிரிக் கேள்விகள் இருக்கின்றன. 2001-03இல் தமிழ்நாட்டில் லட்சம் பிறப்புக்கு 134 தாய்கள் இறந்தார்கள். 2018-20இல் 54. அதே கணக்கில் இந்தியாவுக்கு 97.

பெருமையை இதோடு நிறுத்திக்கொள்கிறேன், அடுத்த பக்கம் கசப்பு. கற்றுக்கொள்ள வைத்த அந்தக் கூட்டமே பல நேரம் விசாரணைக் கூண்டாகிவிடுகிறது. மேஜைக்கு அந்தப் பக்கம் எட்டுப் பேர், இந்தப் பக்கம் நானும் ஒரு நர்ஸும். "ஏன் மேலே அனுப்பவில்லை?" என்று கேட்ட கேள்வி நர்ஸுக்கு ஒரு வருஷம் தூக்கத்தில் கேட்கும். அப்புறம் என்ன நடக்கும்? கொஞ்சம் பிரஷர் கூடினாலும் மேலே அனுப்பு, தலைச்சன் பிள்ளையா, மேலே அனுப்பு. மேலே இருக்கிறவர்கள் கூட்டத்தில் திணறுவார்கள், உண்மையான ஆபத்தோடு வந்தவள் வரிசையில் காத்திருப்பாள். எங்கள் கை மட்டும் சுத்தமாக இருக்கும்.


ஸ்கூட்டி சிஸ்டர்
திங்கள், இரவு 9:48

டாக்டர் சார் சொன்ன மேஜைக்கு இந்தப் பக்கம் நானும் உக்காந்திருக்கேன். கிராம சுகாதார செவிலியர்.

எழுதுறது பத்திப் பேசுறீங்க. எங்களை மாதிரி எழுதுறவங்க யாரும் கெடையாது. நோட்டுல ஒருக்கா, டேப்ல ஒருக்கா. பிக்மில, அதான் கர்ப்பிணிங்க கணக்கு வைக்கிற அரசு வெப்சைட்ல, ஏத்தணும், மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுலேர்ந்து பிரஷர், சுகர் கணக்கு வேற. எல்லாம் மேல போகுது. திரும்பி என்ன வருது தெரியுமா? "உங்க சப்சென்டர் டார்கெட் 78 சதவீதம், ஏன்?"ன்னு சிவப்புல ஒரு கட்டம். ஏன்னு கேக்குறாங்களே ஒழிய, ஏன்னு தெரிஞ்சுக்க யாரும் கேக்கல.

ஒரு குடியிருப்புல பிரஷர் மாத்திரை எடுக்கிறவங்க பாதிப் பேர் நிறுத்திட்டாங்க. டேப்ல பாத்தா "வரவில்லை" அவ்வளவுதான். என் நோட்டுல வீட்டு வரிசைப்படி எழுதிவச்சிருந்தேன், அதைப் புரட்டினப்பத்தான் பிடிபட்டுச்சு: நின்னவங்க எல்லாம் நூறு நாள் வேலைக்குப் போறவங்க. நாங்க மாத்திரை கொண்டு போறது காலைல பத்து மணிக்கு. அவங்க ஏழரைக்கே கண்மாய்க்குப் போயிடுறாங்க. சாயங்காலம் அஞ்சரைக்கு ஊருணிக் கரைல உக்காந்து குடுக்க ஆரம்பிச்சோம். தண்ணி எடுக்க வர்றவங்க கைல துண்டுச் சீட்டோட வந்து வாங்கிட்டுப் போனாங்க. ரெண்டே மாசத்துல ஏறக்குறைய எல்லாரும் திரும்பிட்டாங்க.

இது எந்த டேப்லயும் இல்ல. பக்கத்து சப்சென்டர் சிஸ்டர் கல்லல் ஊர்ல டீ குடிக்கும்போது கேட்டுட்டு அவங்களும் செஞ்சாங்க. எங்களுக்கு டீக்கடைதான் சாப்ட்வேர்.


பள்ளத்தூர் டூ பெங்களூர்
செவ்வாய், காலை 11:15

நான் மென்பொருள் ஆள், கல்லெறியாதீர்கள். வளவுவாசி அண்ணனின் பிரச்சினைக்கு விடை ஏற்கெனவே இருக்கிறது. ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதார அடையாள எண்) வாங்கி, சம்மதம் கொடுத்தால் நோயாளியின் ஆவணங்கள் அதில் இணைந்த எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூடவே வரும், 14 இலக்கம், இலவசம். ஒவ்வாமையை அதில் ஒருமுறை ஏற்றினால் போதும். மருந்து எழுதும்போதே கணினி எச்சரிக்கும். இனி செயற்கை நுண்ணறிவே கேஸ் ஷீட்டைப் படித்துப் பிழைகளைக் காட்டிவிடும்.


நைட்டூட்டி
செவ்வாய், பகல் 1:30

தம்பி, கல்லெல்லாம் எறியல. "ஒருமுறை ஏற்றினால் போதும்" என்றீர்களே, யார் ஏற்றுவது? எழுதாத தடிப்பை எந்தக் கணினி படிக்கும்?

அப்புறம் அந்த எச்சரிக்கை. எங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. பாராசிட்டமால் போட்டாலும் கத்தும், வைட்டமின் போட்டாலும் கத்தும். ஒரு ஷிப்டுக்கு நாற்பது தடவை "ஓகே" அழுத்துகிறோம். நாற்பத்தொன்றாவது நிஜமாக இருந்தாலும் விரல் ஓகேவுக்குத்தான் போகும்.


பள்ளத்தூர் டூ பெங்களூர்
செவ்வாய், பகல் 1:52

நியாயம். அந்த நாற்பதை நாலாகக் குறைப்பது எங்கள் வேலை. ஆனால் யாரும் எங்களைக் கூப்பிட்டு வார்டில் ஒரு ராத்திரி உட்கார வைத்ததில்லை.


நைட்டூட்டி
செவ்வாய், பகல் 1:58

பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது வாங்க. ஸ்டூல் போட்டு வைக்கிறேன்.


லேப் பழசு (புதுவயல்)
செவ்வாய், இரவு 8:10

ரிட்டயர்டு லேப் டெக்னீசியன், முப்பத்தாறு வருஷம். பாதி நாள் சளி பரிசோதனை செய்தே கழிந்தது, ஆகவே காச நோயிலிருந்து ஒன்று சொல்கிறேன்.

1956இல் சென்னையில் ஒரு காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். அந்தக் காலத்தில் காசம் என்றால் சானடோரியம்தான். நல்ல காற்று, முட்டை, பால், மாதக்கணக்கில் படுக்கை. வீட்டில் வைத்தால் நோயாளியும் தேறமாட்டார், குடும்பத்துக்கும் ஒட்டிவிடும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்த மையத்தார் நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும் பாதிப் பேரைச் சென்னையின் நெருக்கடியான சந்து வீடுகளுக்கும் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருந்து ஒன்றுதான். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் வீட்டில் கிடந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணம். வீட்டாருக்கும் கூடுதலாக ஒட்டவில்லை. 1959இல் அது வெளியானதும் உலகத்துச் சானடோரியங்கள் ஒவ்வொன்றாகக் காலியாக வழி பிறந்தது. எல்லாருக்கும் தெரியும் என்று நினைத்த ஒன்றை நம்மூர் ஏழைகளின் வீட்டில் வைத்துச் சரிபார்த்திருக்கிறார்கள்.

சரிபார்க்கும் அந்தப் பிடிவாதம் இப்போதும் விடவில்லை. காசம் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கியவர்களில் இறப்பவர்கள் பெரும்பாலும் முதல் சில வாரங்களில்தான் இறக்கிறார்கள். 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் பெரிய மெஷின் எதுவும் இல்லை. உயரத்துக்கேற்ற எடை இருக்கிறதா, கால் வீக்கமா, மூச்சு எவ்வளவு வேகம், விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஒரு காகித அட்டையில் இதை எழுதி, மோசமானவரை அன்றைக்கே படுக்கையில் சேர்க்கிறார்கள். என் காலத்தில் "ஏஎஃப்பி பாசிட்டிவ்" (சளியில் காசக் கிருமி இருக்கிறது) என்று எழுதி ஜன்னலில் நீட்டுவேன். வாங்கிக்கொண்டு போகிற ஆள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பதை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். அது ஒரு தகவல் என்று எனக்குத் தோன்றவேயில்லை. ஜன்னலுக்கு இந்தப் பக்கம் என் வேலை சளியோடு முடிந்துவிட்டது.


ஓபி சீட்டு
செவ்வாய், இரவு 10:20

லேப் ஐயா, கடைசி வரி ரொம்ப நேரம் கூடவே இருந்தது.

அரைகுறையாகக் கற்றுக்கொள்வது பற்றியும் ஒன்று. 2020இல் கொரோனாவுக்காக எல்லாரும் ஹைட்ராக்சிக்குளோரோகுயின் தின்றுகொண்டிருந்தபோது பிரிட்டனில் சாதாரண வார்டு நோயாளிகளையே சம்மதம் வாங்கிக் குலுக்கிப் பிரித்து, எந்த மருந்து வேலை செய்கிறது என்று பார்த்தார்கள். மார்ச்சில் ஆரம்பித்து ஜூனில் விடை: ஹைட்ராக்சிக்குளோரோகுயின் பயனில்லை. சில ரூபாய்க்குக் கிடைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு, வென்டிலேட்டரில் இருப்பவர்களின் சாவை மூன்றில் ஒரு பங்கும், ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களின் சாவை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. மூணு மாதத்தில் இவ்வளவு தெரிந்துகொண்டது பெரிய காரியம்.

அதே விடையில் மூன்றாவது வரி ஒன்று இருந்தது: ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பயன் இல்லை. அந்த வரி நம் தெருக்களுக்கு வந்து சேரவில்லை. 2021 ரெண்டாவது அலையில் காய்ச்சல் வந்த அன்றே ஸ்டீராய்டு விழுங்கியவர்கள் எத்தனை பேர்! வாட்ஸாப்பில் சீட்டு சுற்றியது. சுகர் நம்மூரில் வீட்டுக்கு ஒருவருக்கு. சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. மருந்தின் பேர் வேகமாகப் பரவும், "யாருக்கு வேண்டாம்" என்பது பரவாது.


கோட்டையூர்க் காரம்
புதன், காலை 6:40

எல்லாம் படிச்சேன். ராத்திரி பூரா யோசிச்சேன். நைட்டூட்டி சிஸ்டர் மேல எனக்குக் கோவம் இல்ல, அதை மொதல்ல சொல்லிடுறேன்.

ஆனா ஒண்ணு கேக்குறேன். எங்க ஆயா (பாட்டி) ஒரு ஆஸ்பத்திரிலதான் தவறிப் போனாக. என்ன நடந்துச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் ஒருத்தன் சொல்லல. கேஸ் ஷீட்டு கேட்டதுக்கு அலைய விட்டாங்க. நீங்க எல்லாம் "எழுதினா தண்டிக்காதே, அப்பத்தான் கத்துக்க முடியும்"ங்கறீங்க. சரி. அப்ப எங்களுக்கு யார் பதில் சொல்றது? நீங்க கத்துக்கிறதுக்கு எங்க ஆயாதான் பாடப் புத்தகமா?


ஓபி சீட்டு
புதன், காலை 7:30

அண்ணே, இந்தக் கேள்விக்கு நழுவாமல் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

தண்டிக்க வேண்டியது உண்டு. குடித்துவிட்டு டூட்டிக்கு வந்தவன், கேஸ் ஷீட்டைத் திருத்தி எழுதியவன், கூப்பிட்டும் வராதவன். இவர்களைக் காப்பாற்ற யாரும் சொல்லவில்லை. ரெண்டு ஆம்பியூலும் ஒரே மாதிரி இருந்து கை மாறியது வேறு. அந்த நர்ஸை நீக்கினால் அடுத்த வாரம் இன்னொரு நர்ஸ் அதே குழியில் கை வைப்பாள்.

குடும்பத்துக்கு நடந்ததை மறைக்காமல் சொல்வது ரெண்டு வகையிலும் கட்டாயம். அதைச் செய்யாமல் உள்ளுக்குள் மட்டும் ஆராய்ச்சி செய்துகொள்வது திருட்டுக் கணக்கு. இதில் எங்கள் கூட்டம் தோற்றுத்தான் போயிருக்கிறது. உங்கள் ஆயா விஷயத்தில் யாராவது உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.


கோட்டையூர்க் காரம்
புதன், காலை 7:41

சரி. இவ்வளவாவது சொன்னீங்களே.


கண்டனூர் காபி
புதன், மாலை 4:15

சின்னக் குறுக்கீடு. என் அப்பத்தாவுக்கு மதுரை அரவிந்தில் கண் ஆபரேஷன். 1976இல் 11 படுக்கையோடு டாக்டர் வெங்கடசாமி ஆரம்பித்தது. மூட்டுவாதத்தில் விரல் கோணிப்போன கையோடு அவர் ஆபரேஷன் செய்தது ஊரறிந்த கதை. அங்கே யார் செய்த ஆபரேஷனில் எத்தனை சிக்கல் என்று டாக்டர் வாரியாகக் கணக்கு வைத்துப் பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். ஐந்தொகை என்றதும் அதுதான் ஞாபகம் வந்தது. எல்லா ஆஸ்பத்திரியும் ஆபரேஷனுக்கு முன் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வைத்தால் போதாதா? உலக சுகாதார நிறுவனத்தில் ஒன்று இருக்கிறதாமே.


ஓபி சீட்டு
புதன், இரவு 9:30

இருக்கிறது, 2008இல் வந்தது, 19 கேள்விகள். டில்லி உட்பட எட்டு ஊர்களில், ஊருக்கு ஓர் ஆஸ்பத்திரியாக வைத்துப் பார்த்ததில் ஆபரேஷனுக்குப் பிந்தைய சாவு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கு இறங்கியது. எல்லாரும் துள்ளினோம். அப்புறம் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 101 ஆஸ்பத்திரிகளில் ஒரே உத்தரவில் கொண்டுவந்தார்கள். 2014இல் கணக்குப் பார்த்தால் சொல்லிக்கொள்ளும்படி எந்த மாற்றமும் இல்லை. பட்டியல் அதேதான். ஏன் இப்படி என்று இன்னமும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என் ஊகம், நானும் அந்த டிக்கை அடித்திருக்கிறேன்: நோயாளியை வெளியே தள்ளிக்கொண்டு போன பிறகு, 19க்கும் சேர்த்து, ஒரே பேனாவில்.


ஸ்கூட்டி சிஸ்டர்
புதன், இரவு 9:34

😂 எங்க ரெஜிஸ்டரும் மாசக் கடைசில ஒரே பேனாதான் சார்.


வளவுவாசி
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 9:15

எல்லாருக்கும் பதில் போடத் தாமதம். வீட்டுப் பட்டாலையில் ஓடு மாற்றும் வேலை, பாதி நாள் கொத்தனாரோடு போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு மறுபடி போனேன். இந்த இழையை அச்சடித்து எடுத்துப்போனேன், பேர்களை மறைத்துத்தான். மேனேஜர் முதலில் "கேஸ் போடப் போறீங்களா சார்?" என்றார். இல்லை, ரெண்டு விஷயம் கேட்கிறேன் என்றேன். ஒன்று, அப்பச்சி பைலின் முகப்பில் சிவப்பு மசியில் மருந்துப் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள். தந்தார்கள். அதே வரியை ஓர் அட்டையில் எழுதி அவர் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன், வெற்றிலைச் செல்லத்தில் இன்னொன்று. ரெண்டாவது, எங்களுக்கு நடந்ததை எங்கேயாவது எழுதி வைத்தீர்களா?

வைக்கவில்லை. ஆனால் நான் உட்கார்ந்திருக்கும்போதே தலைமை நர்ஸ் அம்மாவைக் கூப்பிட்டார். அவர் படித்துப் பார்த்தார், நைட்டூட்டி அக்கா எழுதிய பகுதியில் ரொம்ப நேரம் நின்றார். ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து போகும்போது "அந்தத் தாளை நான் வச்சுக்கலாமா?" என்று மட்டும் கேட்டார்.

மேனேஜர் இன்னொன்றும் காட்டினார். புது சாப்ட்வேரில் ஒவ்வாமைக்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அப்பச்சி பேரைப் போட்டுத் திறந்தார், காலியாக இருந்தது. என் முன்னாலேயே நிரப்பினார்.


நைட்டூட்டி
சனி, இரவு 11:50

பிரேக்கில் இருக்கிறேன். ஒரு சந்தேகம். அந்தப் பெட்டியை நிரப்பாமல் விட்டால் அடுத்த பக்கம் போகுமா?


வளவுவாசி
ஞாயிறு, காலை 6:20

நானும் அதைத்தான் கேட்டேன் அக்கா. தாராளமாகப் போகிறது.

இன்னொன்றும் பார்த்தேன். அவர் அடுத்த நோயாளியின் பேரைத் திறந்தார், திரை முழுக்கச் சிவப்பாகி நின்றுவிட்டது. என்னவென்றால் பழைய பில்லில் 1,400 ரூபாய் பாக்கியாம். அதைச் சரிசெய்யாமல் அட்மிஷன் போட முடியாதாம்.


பள்ளத்தூர் டூ பெங்களூர்
ஞாயிறு, காலை 9:02

அண்ணே, பாக்கிக்கு நிற்க வைக்கத் தெரிந்த சாப்ட்வேருக்கு இதற்கும் நிற்க வைக்கத் தெரியும். நாலு வரி வேலை. நாற்பது தடவை கத்தவும் கத்தாது, அட்மிஷனில் ஒரே ஒரு தடவைதான். அந்த மேனேஜர் சாப்ட்வேர்க்காரர்களிடம் கேட்க வேண்டும், அவ்வளவுதான். எப்படிக் கேட்பதென்று தமிழில் எழுதித் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.


வளவுவாசி
ஞாயிறு, காலை 9:10

வந்தது. புதன்கிழமை அப்பச்சிக்குக் கட்டு மாற்றப் போகிறோம். கையோடு கொண்டுபோகிறேன்.


கோட்டையூர்க் காரம்
ஞாயிறு, காலை 9:26

புதன்கிழமை நானும் வாரேன் பங்காளி. சத்தம் போட மாட்டேன்.